மண்மேல் போட்ட பழி

ஒரு படிவத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். 2010ஆம் ஆண்டு போட்ட கையெழுத்து. வீட்டுக்கு ஒரு தாளாக 12 தாள்கள். ஒவ்வொரு தாளிலும் அத்திவாரம் முதல் கூரை வரை வரிசையாகக் கேள்விகள். எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். அதில் ஒரு கேள்வி: “சுவரின் தலையில் வளையப் பீம் கம்பியுடன் போடப்பட்டதா?” 12 வீட்டுக்கும் ‘ஆம்’ என்று சரி போட்டேன். 5 வீட்டில் கம்பி இல்லை. கண் தவறி நேர்ந்த பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை. இல்லை என்று தெரிந்து, பேனையை எடுத்து, ‘ஆம்’ போட்டேன்.

ஏழு ஆண்டு கழித்து அந்த ஐந்தில் ஒரு வீட்டின் சுவர் விழுந்து ஓர் ஆச்சியின் கால் முறிந்தது. அன்றைக்கும் நான் உண்மை பேசவில்லை. “மண் வீடு எண்டால் இப்பிடித்தான்” என்றேன். கம்பி வைக்காதது முதல் குற்றம். அதை மண்ணின் தலையில் கட்டியது இரண்டாவது. முதல் குற்றத்தால் ஒரு சுவர் போனது. இரண்டாவதால் ஓர் ஊர் தன் காலடி மண்ணை நம்ப முடியாமல் போனது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக்குடா. அதன் அக்கரையில் மூதூர். மூதூரிலிருந்து வெருகல் பக்கமாகப் போகும் வழியில், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்தக் கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன், என்னால் அந்த ஊருக்கு இன்னொரு சங்கடம் வேண்டாம். 2006இல் சண்டை மூண்டபோது உடுத்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கம் ஓடிய சனம். படங்குக் கொட்டில்களில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைதான் நின்றது. நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். 12 குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. சுவர் மண்கல்லால். ஊர்க் கிரவலையும் மணலையும் கொஞ்சம் சீமெந்தோடு கலந்து, பொறியில் அமுக்கி, சூளை வைக்காமல் நனைத்துப் பதப்படுத்தி எடுக்கிற கல். நல்ல கல். இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் 2009இலேயே அதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்று தரம் வகுத்திருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இப்படியான மண் சுவர்களை அழுத்திப் பார்த்து ஆராய்ந்திருந்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி தரத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாள் அவர் எங்களை மண் உருட்ட வைத்தார். ஊரின் ஐந்தாறு இடங்களில் மண் எடுத்து, நனைத்து, நெல்லிக்காய் அளவில் உருண்டை பிடித்து நிழலில் வைத்தோம். இரண்டு நாள் கழித்து ஒவ்வோர் உருண்டையையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கச் சொன்னார். ஆற்றோரத்து மண் உடனே பொடிந்தது. புற்றடி மண்ணில் பிடித்த உருண்டை விரலில் பள்ளம் விழும்வரை அமுக்கியும் உடையவில்லை. “இதில் களி இருக்கிறது, பிடிக்கும்” என்றார். பிறகு அதே மண்ணைச் சுருட்டுப் பருமனில் திரித்து, கையிலிருந்து கீழே தொங்கவிடச் சொன்னார். ஒரு விரல் நீளம் வந்து முறிந்தால் அளவான மண். அதற்கு முன்பே அறுந்தால் மணல் கூட. சாண் தாண்டியும் அறாவிட்டால் களி கூட, காயும்போது வெடிக்கும். ஆய்வுகூடம் இல்லாமல் விரலாலேயே மண்ணின் சாதகத்தைப் பார்க்கிற வித்தை. அதை இன்றுவரை மறக்கவில்லை. மறக்காதவன் செய்த குற்றம் இது என்பதால்தான் அதையும் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் ஒரு சப்பாத்துப் பெட்டியை மூடியில்லாமல் மேசையில் வைத்தார். நீளப்பக்கத்தின் நடுவில் விரலால் தள்ளினார். அட்டை உள்ளே மடிந்தது. பிறகு பெட்டியின் வாயைச் சுற்றி ஒரு சணல் கயிற்றை இறுக்கிக் கட்டி, மூலைகளில் நான்கு ஈர்க்குகளை நட்டு ஒட்டினார். மறுபடி தள்ளினார். பெட்டி முழுவதும் நகர்ந்ததே தவிர ஒரு பக்கமும் மடியவில்லை. “சுவர் விழுவது அடியில் தொடங்குவதில்லை, தலையில் தொடங்குகிறது” என்றார். “நிலம் ஆடினால் நான்கு சுவரும் நான்கு திசைக்கு இழுக்கும். மூலையில் மேலிருந்து கீழாகப் பிளவு ஓடும். பிளந்த பிறகு ஒவ்வொரு சுவரும் தனியாள். தனியாக நிற்கிற சுவர் விழத்தான் செய்யும்.”

மண் சுவரின் இயல்பு அது. மேலிருந்து வைக்கிற பாரத்தைச் சுமக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். கனமும் கூட. நிலம் ஆடும்போது சுவரைத் தள்ளுவது சுவரின் சொந்தக் கனம்தான். பழைய காலத்து மண் சுவர் முழங்கை நீளத் தடிப்பில், குட்டையாக, சின்னச் சன்னலோடு இருந்ததால் தன் பருமனாலேயே ஓரளவு நின்றது. இந்தியாவில் 1993இல் வந்த ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டியும் அந்த அளவுகளைத்தான் சொல்கிறது: சுவரின் உயரம் தடிப்பைப்போல் எட்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது, குறுக்குச் சுவர் இல்லாமல் பத்து மடங்குக்கு மேல் நீளக்கூடாது, மூலையிலிருந்து 1.2 மீற்றர் தள்ளித்தான் வாசலோ சன்னலோ வைக்கவேண்டும். எங்கள் மண்கல் சுவர் ஒன்பதரை அங்குலம். பருமனால் நிற்க முடியாத சுவர். அதனால்தான் நான்கு மூலையிலும் நிலைக்குத்தாகக் கம்பி, கூரையடியில் வீட்டைச் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்கென்றே தனிக் கல் இருந்தது: ‘ப’ என்ற எழுத்தைப் போல நடுவில் வாய்க்கால் உள்ள கல். அதை வரிசையாக அடுக்கி, வாய்க்காலில் கம்பி கிடத்தி, கொங்கிறீற்று நிரப்பினால் சுவரின் தலைக்கட்டு முடிந்தது. வெளியே பார்ப்பவருக்கு அது இன்னொரு கல் வரிசைதான்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பொறியாக அமைந்தது.

ஏழு வீட்டை ஒழுங்காகக் கட்டினோம். ஒக்டோபர் வந்தது. மாரி தொடங்கினால் லொறி உள்ளே வராது. கூரை ஏறாத மண் சுவர் நனைந்தால் நாசம். வருடம் முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் அடுத்த கட்டக் காசு வராது என்று மேலிடத்திலிருந்து நாள்தோறும் தொலைபேசி. மீதி ஐந்து வீட்டுக்கான கம்பி வந்து சேரவில்லை. மேசன் அண்ணை என்னிலும் இருபது வயது மூத்தவர். ‘ப’ கல் அடுக்கிய சுவரின் மேல் சாரத்தில் குந்தியிருந்து கேட்டார்:

“தம்பி, கம்பி இல்லாம எப்பிடி நிரப்பிறது?”

“சும்மா சாந்தைப் போட்டு மூடுங்கோ அண்ணை. இஞ்ச எங்க நிலம் ஆடப்போகுது?”

“பிளானில கம்பி எண்டு கிடக்கே?”

“அது இந்தியாவுக்கு எழுதினது.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சாந்தை அள்ளினார். மேசன்மார் எங்கும் இப்படித்தான் ஏய்ப்பார்கள் என்று பின்னாளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே ஏய்த்தது மேசன் அல்ல. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். படித்தவன் நான் அவர் வாயை அடைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கம்பி வந்தது. அப்போது கூரை ஏறி ஓடும் போட்டாகிவிட்டது. கூரையைக் கழற்றித் திரும்பச் செய்யலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கம்பியை ஊர்க் கிணற்றுக் கட்டுக்குக் கொடுத்தேன். ஒரு துண்டும் விற்கவில்லை, காசாக ஒன்றும் எடுக்கவில்லை. இதைச் சொல்லித்தான் பல ஆண்டு என் மனத்தைச் சமாதானப்படுத்தினேன். காசு எடுக்காதவன் களவெடுக்காதவன் என்று நினைத்தேன். ஐந்து குடும்பத்தின் தலைக்கு மேலிருந்த பாதுகாப்பை எடுத்திருந்தேன். அந்த வருடம் மாவட்டத்தில் எங்கள் நிறுவனத்தின் வேலைகளில் முதலில் முடிந்தது என்னுடையது. பாராட்டினார்கள்; பதவியும் உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. இங்கேயும் சிலருக்கு ஆட்டம் தெரிந்தது. 2004 சுனாமியைக் கண்ட சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. நானும் ஓடினேன். கடல் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் ஐந்து சுவர்கள் ஒரு கணமும் நினைவுக்கு வரவில்லை. பூமியதிர்ச்சி என்றால் எங்களுக்குக் கடல்தான். நிலம் ஆடும் என்று நம்பாதவனுக்குச் சுவர் எப்படி நினைவுக்கு வரும்?

சுவரைத் தள்ளியது நிலமும் அல்ல. யானை.

2017 தொடக்கத்தில் மழை பொய்த்திருந்தது. காட்டுக் குளங்கள் வற்றிக் கிடந்தன. பெரும்போகத்தில் தப்பியதை அறுத்து, நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்கி, அதற்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பது அங்கே வழக்கம். நெல் வாசம் பிடித்து யானை ஊருக்குள் வந்தது. முதலில் வந்தது ஒழுங்காகக் கட்டிய ஏழில் ஒரு வீட்டுக்கு. குசினிச் சுவரில் நெற்றியை வைத்துத் தள்ளி ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை போட்டு, மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. ஓட்டைக்கு மேலே வளையப் பீம் பாலம் மாதிரி நின்றது. கூரையில் ஓர் ஓடும் நகரவில்லை. இரண்டு நாளில் கல் வைத்து மூடினார்கள். அதே மாதம் மூன்று வளவு தள்ளி இருந்த ஆச்சி வீட்டுக்கு வந்தது. அதே யானையாகக்கூட இருக்கலாம். தள்ளியது ஒரு தள்ளுத்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மூலை பிளந்து, 16 அடிச் சுவர் முழுவதும் ஒரு பலகையைப்போலச் சரிந்து, கைமரமும் ஓடும் அதன்மேல் இறங்கின. ஆச்சியின் வலது கால் அதற்குள் அகப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திக் கொண்டுபோனார்கள்.

காலையில் நான் போனபோது விழுந்த சுவரின் தலைப்பகுதி முற்றத்தில் கிடந்தது. ‘ப’ கற்கள் இரண்டாக உடைந்திருந்தன. வாய்க்காலுக்குள் சாந்து வெள்ளையாகத் தெரிந்தது. துருப்பிடித்த ஒரு கம்பி நுனியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடம். பொறியியல் தெரிந்த யார் பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். மத்தியானம் மேலிடத்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தது. நான் இரண்டு பொடியன்களைக் கூப்பிட்டு, கல்லையெல்லாம் அடித்து நொறுக்கி, மழைக்குக் குழி விழுந்த ஒழுங்கையை நிரப்பச் சொன்னேன். சம்மட்டியை நானும் பிடித்தேன். வந்தவர்கள் வெறும் இடத்தைப் பார்த்தார்கள். “என்ன நடந்தது?” என்றார்கள். “மண் வீடு எண்டால் இப்பிடித்தான். யானைக்கு முன்னால மண் நிக்குமா?” என்றேன். சுற்றி நின்ற சனம் அதைக் கேட்டுத் தலையாட்டியது. மூன்று வளவு தள்ளி ஓட்டையோடு நின்ற வீடு அவர்கள் கண்ணில் படும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் படித்தவன் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் மண்கல் கேட்கவில்லை. பொறி ஒரு கொட்டிலில் துருப்பிடித்தது. ஒரு குடும்பம் நகையை ஈடுவைத்து, இன்னொரு குடும்பம் வட்டிக்கு எடுத்து, சீமெந்துக் கல்லால் கட்டத் தொடங்கின. அந்தச் சுவர்களுக்கும் பல இடத்தில் வளையம் இல்லை. ‘மண் கூடாது, சீமெந்து நல்லது’ என்ற பாடத்தைத்தான் நான் கற்பித்திருந்தேன். கட்டிப் பிணைக்காத சுவர் எதுவானாலும் விழும் என்ற உண்மையை மறைத்துவிட்டேன்.

2018 செப்டம்பரில் ஒரு நாள், நள்ளிரவு கடந்த வேளை, திருகோணமலையில் நில அதிர்வு வந்தது. சின்ன அதிர்வு, அளவில் நான்கைத் தொடவில்லை. பெரிய லொறி ஒன்று வீட்டுக்கு அடியால் போனது போல ஒரு உறுமல். அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்ட சத்தம். சில நொடிதான். மனைவி எழும்பிப் பிள்ளைகளைப் பார்க்கப் போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். ‘இஞ்ச எங்க நிலம் ஆடப்போகுது’ என்ற என் குரல் எனக்கே கேட்டது. மிச்சம் நான்கு வீடு. நான்கிலும் பிள்ளைகள். விடியும்வரை படுக்கவில்லை.

பிறகுதான் படிக்க வேண்டியதைப் படித்தேன். முதலில் என்னைக் குத்தியது லாத்தூர். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராட்டிரத்தில் கில்லாரி என்ற ஊரையும் அயலையும் 6.2 அளவு அதிர்ச்சி புரட்டிப்போட்டது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதி அன்றைய இந்திய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த வலயத்தில் இருந்தது. ஆடாது என்று தாளில் எழுதிய இடம். நாங்கள் இருப்பதும் அதே பழம்பாறைத் தட்டின் தொடர்ச்சிதான். அங்கே கொன்றது கனத்த கல் சுவர். மண் சாந்தில் உள்ளொரு அடுக்கு, வெளியொரு அடுக்காக எழுப்பி, இரண்டையும் குறுக்கே பிணைக்கும் கல் வைக்காமல் விட்ட சுவர். அதன்மேல் வெயிலுக்காகத் தடிப்பாய் மண் கொட்டிய கூரை. ஆட்டத்தில் இரண்டு அடுக்கும் பிரிந்தன, கூரை இறங்கியது. 2003இல் ஈரானில் பாம் நகரம்: பச்சைக் கல் வீடுகள் இடிந்தன, 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாள் டிசம்பர் 26. சரியாக ஒரு வருடம் கழித்து அதே நாளில் எங்கள் கரையைக் கடல் மூடியது.

மண் கொல்கிறது என்று முடிவு கட்ட இது போதும் என்று தோன்றும். ஆனால் 2001இல் குஜராத்தின் கச்சுப் பகுதியைப் பெரிய அதிர்ச்சி தாக்கியபோது, அங்கத்தைய புங்கா என்கிற வட்ட மண் வீடுகள் பெரும்பாலும் நின்றன. வட்டச் சுவருக்கு மூலை இல்லை. மூலை இல்லாத இடத்தில் பிளவு எங்கே தொடங்கும்? தலையில் பாரமும் இல்லை, இலேசான புல் வேய்ந்த கூம்புக் கூரை. கசுமீரத்தில் மரச்சட்டத்துக்குள் கல்லும் மண்ணும் நிரப்பிய பழைய வீடுகளும் 2005இல் வந்த அதிர்ச்சியை நன்றாகத் தாங்கின. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில், லீமாவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்து ஆட்கள் பல பத்தாண்டுகளாக மண் வீட்டை ஆட்டுமேடையில் ஏற்றி ஆட்டிப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் கம்பிவலை கட்டிப் பூசிக் கொடுத்த மண் வீடுகள் 2001இல் வந்த 8.4 அளவு அதிர்ச்சியில் நின்றன. பக்கத்தில் வலை கட்டாத வீடுகள் விழுந்தன. ரூர்க்கியில் இருந்த பேராசிரியர் ஆனந்த் சுவரூப் ஆர்யா போன்றவர்கள் பொறியியலாளர் எட்டிப் பார்க்காத ஏழை வீடுகளுக்காகவே வழிகாட்டி எழுதினார்கள். ‘இந்தியாவுக்கு எழுதினது’ என்று நான் தள்ளிவிட்ட அறிவு, இத்தனை சாவுகளை எண்ணிப் பார்த்தவர்கள் எழுதியது.

படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அப்பா வரிச்சுச் சுவர் கட்டுவார். காட்டுத்தடியில் கப்பு நட்டு, இரண்டு பக்கமும் வரிச்சுத்தடியைக் குறுக்கே வைத்துக் கொடியால் கட்டி, நடுவில் புற்றுமண்ணையும் வைக்கோலையும் மிதித்துப் பிசைந்த களியை உருண்டையாக அடித்து நிரப்புவார். மண் வெடிக்கும், உதிரும், தடிக்கூடு நிற்கும். 1978 சூறாவளியில் கூரை பறந்த பிறகும் அந்தக் கூடு நின்றதென்று அப்பா சொல்வார். நான் டிப்ளோமா முடித்து வந்த வருடம் “இதெல்லாம் குருவிக்கூடு, சுவரா?” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குருவிக்கூட்டின் தத்துவத்தைத்தான் உலகமெல்லாம் ஆட்டுமேடையில் வைத்துத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள்: மண்ணுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். தடியோ, கம்பியோ, கயிறோ. அப்பா அதை வெளியே தெரியும்படி கட்டினார். நான் உள்ளே இருப்பதாகச் சொல்லி ஏமாற்றினேன். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள அவர் இருக்கவில்லை.

ஆச்சி இருந்தார். விழுந்த பக்கத்தைத் தகரத்தால் அடைத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்தார். கடன் எடுத்துக் கட்ட அவருக்கு வலுவில்லை. பொல்லு ஊன்றித்தான் நடந்தார். நான் போனால் எப்போதும் தேத்தண்ணீர் வைத்து, “வீடு கட்டித் தந்த பிள்ளை” என்று மற்றவர்களுக்குச் சொல்வார். அந்தச் சொல் கேட்டு எத்தனையோ முறை தலையைக் குனிந்திருக்கிறேன்; அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஒருநாள் போய்க் குந்தில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி வராதது, மேசன் அண்ணை கேட்டது, நான் சொன்னது, படிவம், ஒழுங்கையில் கல்லை நொறுக்கிப் போட்டது. “உங்கட காலை முறிச்சது யானையில்ல ஆச்சி, நான்” என்றேன்.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. காலைத் தடவிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார். ஏசுவார், அழுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் கேட்டது இதுதான்:

“அப்ப மிச்ச நாலு வீட்டிலயும் பிள்ளையள் படுக்குதே?”

மன்னிப்புக் கிடைக்குமா என்று போன எனக்கு அவர் வேலையைக் காட்டினார்.

நான்கு வீட்டுக்காரரையும் கூட்டிச் சொன்னேன். ஒருவர் எழும்பிப் போய்விட்டார். ஒரு தாய் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை, அத்தனையும் நியாயம். அப்போது நிறுவனம் அந்தப் பக்கத்து வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது. குற்றம் என்னுடையது, செலவும் என்னுடையதுதான். கூரையைக் கழற்றிப் பீம் போட என்னிடம் பணமில்லை. லீமாவில் செய்திருந்த இன்னொரு முறை கைக்கு எட்டியது: நைலோன் கயிறு. சுவரின் இரண்டு முகத்திலும் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றைச் சுற்றி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் துளையிட்டு, சின்னக் கயிற்றால் உள்வலையையும் வெளிவலையையும் ஒன்றோடொன்று பிணைத்து, மேலே மண்பூச்சு பூசுகிறது. சுவர் வெடிக்கலாம். துண்டு துண்டாகலாம். ஆனால் வலைக்குள் அகப்பட்ட மீன் போல, துண்டுகள் ஆள்மேல் விழாமல் நிற்கும். ஓடித் தப்ப நேரம் கிடைக்கும்.

கயிறென்றால் எங்கள் கரைக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூதூர்க் கடையில் புதுக் கயிறு வாங்கினோம். வெயிலில் நைந்த பழையது கூடாது. கடற்றொழில் செய்கிற இரண்டு பேர் வந்து, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சைக் காட்டித் தந்தார்கள். மூலைகளில் கயிறு கல்லை அறுக்காதிருக்க, பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து அணைகொடுத்தோம். கூரையடியில் பனஞ்சட்டத்தைச் சுற்றிவர வைத்து, மூலையில் ஒன்றோடொன்று கொழுவி, கைமரத்தையும் கயிற்றையும் அதில் கட்டினோம். அதே மேசன் அண்ணை வந்தார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். சாரத்தில் ஏறி, ஒவ்வொரு முடிச்சையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆச்சி வீட்டுக்கு விழுந்த சுவரைப் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. மண்கல் பொறி போய்விட்டது. கல்லையோ நான் ஒழுங்கையில் போட்டு நொறுக்கியிருந்தேன். மேசன் அண்ணை “வரிச்சு கட்டுவம்” என்றார். கப்பு நட்டு, தடி கட்டி, புற்றுமண் மிதித்தோம். களி மிதிக்கும்போது அப்பாவை நினைத்தேன். இடையில் நிறுத்தி, உருண்டை பிடித்துக் காயவைத்து, விரலால் நசுக்கிப் பார்த்தேன். உடையவில்லை.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வீடும் நின்றன. அதை நான் சான்றாகச் சொல்லமாட்டேன். அது பெரிய சோதனை அல்ல. கயிற்று வலை கம்பி வளையத்துக்கு ஈடு என்றும் சொல்லமாட்டேன். முதலில் வைத்திருக்க வேண்டியதை வைக்காதவன் பிறகு செய்த ஒட்டு வேலை அது. பெரிய யானை வந்தால், பெரிய ஆட்டம் வந்தால், ஓர் உயிர் ஓடி வெளியே வர அது உதவினால் போதும்.

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. ஆச்சியின் கால். ஈடுவைத்து மீளாத நகை. நான் ‘ஆம்’ போட்ட படிவம் எங்கோ ஒரு கோப்பில் இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைவிட, நான் மண்மேல் போட்ட பழியை ஊர் இன்னும் நம்புகிறது. போகிற இடமெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன்: விழுந்தது மண்ணால் அல்ல, கட்டிப் பிணைக்காததால், சீமெந்துக் கல் சுவருக்கும் தலைக்கட்டு வேண்டும், வீடு கட்டுகிறவர்கள் கொங்கிறீற்று நிரப்புவதற்கு முதல் நாள் போய் நின்று, கம்பி எங்கே என்று கேட்க வேண்டும். சிலர் கேட்கிறார்கள். சிலர் “நீங்கள்தானே அப்ப அப்பிடிச் சொன்னனீங்கள்” என்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த எழுத்துத்தான் பதில்.

ஆச்சி வீட்டுக் கடைசிப் பூச்சு நாள் நினைவிருக்கிறது. மூலையில் கயிறு சந்திக்கிற இடத்தை மூட மேசன் அண்ணை மணியாசுக் கரண்டியை எடுத்தபோது ஆச்சி பொல்லால் மறித்தார். “அதில பூசாத. ஒரு கை அளவு திறந்து கிடக்கட்டும்.”

“வெயில் பட்டால் கயிறு பழுதாகும் ஆச்சி” என்றேன்.

“அப்ப ஒரு பலகைத்துண்டால மூடி வை. கழட்டிப் பாக்கக்கூடியமாதிரி.”

அப்படியே செய்தோம். பிறகு மற்ற நான்கு வீட்டுக்காரரும் அதையே கேட்டு வாங்கினார்கள். ஐந்து வீட்டு மூலையிலும் ஒரு சின்னப் பலகைக் கதவு இருக்கிறது. நான் எப்போது போனாலும், தேத்தண்ணீர் வைப்பதற்கு முன் ஆச்சி அதைத் திறந்து, விரலை விட்டுக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். நான் பக்கத்தில் நின்று காத்திருக்கிறேன்.